ஆட்சேபம் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த அரிசி

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். நான் படைக்குள்ளேயே பந்தி விசாரித்தவன். அந்தப் பழமொழியில் எந்தப் பாதி எனக்குப் பொருந்தும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் உங்களில் நாலு பேர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தீர்கள். தொண்டர் படை முகாம்களுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர்களாகப் போகிறோம், சிப்பாய்களுக்குச் சத்துள்ள சாப்பாட்டைப் பற்றி எடுத்துச் சொல்லும்படி உத்தரவு, உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். கையில் அச்சடித்த தாள் வேறு. பயறு, கீரை, முட்டை, பழம், அதிகம் தீட்டாத அரிசி என்று வரிசையாக இருந்தது. வைட்டமின் என்றும் போட்டிருந்தது. எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் கிடையாது, அது இல்லாமல் ஆட்கள் சாவது மட்டும் இருந்தது.

தாளில் ஒரு தப்பும் இல்லை. உங்களில் கண்ணாடி போட்டவர், "இதைப் படிச்சுக் காட்டினா யாரு ஐயா சாப்பிட மாட்டேன்னு சொல்லப் போறாங்க?" என்று கேட்டார். டீ ஆறுகிறது, குடியுங்கள் தம்பி என்று பேச்சை மாற்றினேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருந்தது. நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

அது பதினாலாம் வருஷம் தொடங்கிய பெரிய யுத்தம் நடந்த காலம். மண்வெட்டியையும் துப்பாக்கியையும் சேர்த்துத் தூக்கும் பயனியர் கம்பெனி ஒன்று சென்னையிலிருந்து கப்பலேறி வந்து கிள்ளானுக்கு வெளியே முகாம் போட்டிருந்தது. எல்லோரும் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆற்றுப் பாலத்துக்குக் காவல் இருப்பதும் மேரு பக்கம் புது ரோட்டுக்கு மண் வெட்டிப் போடுவதும் அவர்கள் வேலை. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அந்த முகாமுக்கு அனுப்பினார்கள். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை, பத்துக் கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு உதவியாள், நான். டாக்டர் கோலாலம்பூரிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயிலில் வருவார். நம் தொழில் உங்களுக்குத் தெரியும். புண் கட்டுவோம், மருந்து கலப்போம், டாக்டர் இல்லாத நாளில் டாக்டராகவே நடமாடுவோம். அந்த நடமாட்டத்தில் நான் ருசி கண்டிருந்தேன்.

கம்பெனிக்குத் தலைவர் ஒரு வெள்ளைக்காரக் கேப்டன். அவருக்கும் சிப்பாய்களுக்கும் நடுவில் இருந்தவர் சுபேதார். அவரும் தமிழர், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து அந்தப் பதவிக்கு உயர்ந்தவர். கடைசிச் சிப்பாய் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும் அவர் தட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கண்டிப்பான மனிதர். ஆனால் ஒருவன் காலில் கொப்புளம் வந்தால்கூட அவரே கொட்டகைக்குக் கூட்டி வருவார்.

முகாமில் அப்போது புழுங்கல் அரிசிதான் போட்டார்கள். பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே கூலிகள் குடியிருந்த லயங்களிலும் அதே அரிசி. சாயங்காலம் சோறு வெந்தால் இரண்டு பக்கமும் ஒரே வாசம் எழும்பும். தோட்டத்து ஆட்கள் வேலியோரம் நின்று, "அண்ணே, ஒங்களுக்கும் எங்க அரிசிதானா?" என்று கேலி பேசுவார்கள். சிப்பாய்களுக்கு அது சுருக்கென்று தைத்தது. கிள்ளான் கடைகளில் சயாம் வெள்ளை அரிசி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. துறைமுகத்து ஆலையில் கண்ணாடி போலத் தீட்டி வைத்திருப்பார்கள். சுபேதார் கேப்டனிடம் போய், எங்கள் ஆட்களுக்கும் அந்த அரிசி வேண்டும் என்று கேட்டார்.

கேப்டன் நல்லவர். ஆனால் எதற்கும் ஒரு தாள் வேண்டும் என்பவர். அரிசியை மாற்றுவதில் வைத்திய ரீதியாக ஆட்சேபம் உண்டா என்று டாக்டருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொட்டகைக்கு அனுப்பினார். அந்த வாரம் டாக்டர் மலேரியாவில் படுத்திருந்தார். குறிப்பைக் கொண்டு வந்த சிப்பாய் பதிலுக்காக வாசலிலேயே நின்றான். டாக்டர் வரட்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். ஒரு நிமிஷம் யோசித்திருப்பேனோ என்னவோ, "ஆட்சேபம் இல்லை" என்று எழுதினேன். கீழே "மெடிக்கல் ஆபீசருக்காக" என்று போட்டு, யார் கையெழுத்து என்று யாருக்கும் விளங்காதபடி ஒரு கையெழுத்தையும் கிறுக்கினேன். டாக்டர் தேறி வந்த பிறகும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பெரி-பெரி நோயை நான் கண்ணால் பார்த்தவன். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் அம்பாங் ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் வார்டு நிறையப் படுத்திருப்பார்கள். கால் மரத்துப்போகும், கெண்டைக்கால் வலிக்கும், பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தட்டித் தட்டி நடப்பார்கள். சிலருக்கு உடம்பு வீங்கும். அவர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவனே இதயம் நின்று சாய்ந்துவிடுவான். இது தீட்டிய அரிசியால் வருகிறது என்று சில டாக்டர்கள் சொன்னார்கள். ஈரத் தரையின் ஆவி என்று வேறு சிலர் சொன்னார்கள். அவர்கள் சண்டையை மருந்துக் கிண்ணம் ஏந்திக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன்.

ஆனால் நம் டிரஸ்ஸர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை இருந்தது. பெரி-பெரி சீனனுக்கு வரும், மலாய்க்காரனுக்கு வரும், தமிழனுக்கு வராது. வார்டில் அப்படித்தான் இருந்தது, பொய்யில்லை. அதை நாங்கள் நம் ரத்தத்தின் பெருமையாக எடுத்துக்கொண்டோம். தமிழன் தவிட்டுச் சத்து உள்ளே இறங்கிய புழுங்கல் அரிசி தின்றதால்தான் தப்பித்தான் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அந்த அரிசியை அவன் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, ரத்தம் காப்பாற்றும் என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளை அரிசி வந்த முதல் நாள் முகாமில் திருவிழாதான். சமையல்காரர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "அஞ்சு தண்ணி கழுவினேன் ஐயா, தண்ணி தெளியிற வரைக்கும் விடல. பாருங்க, மல்லிப்பூவாட்டம்" என்றார். ஒட்டியிருந்த கொஞ்ச நஞ்சத் தவிட்டையும் அவர் கழுவி ஊற்றியிருக்கிறார், பிறகு கஞ்சியையும் வடித்திருக்கிறார். நானும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எதிரே அருளப்பன் உட்கார்ந்திருந்தான், பத்துச் சிப்பாய்களுக்குத் தலைவனாக நாயக் பதவியில் இருந்தவன். கம்பெனியிலேயே மண் வெட்டுவதில் அவனுக்கு இணை கிடையாது. முதல் கவளத்தை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தான். என்னப்பா என்றேன். "எங்க ஊட்ல மாதா கோயில் திருநாளுக்குத்தான் நெல்லுச் சோறு ஐயா. மத்த நாளு களி, கூழு. இத அவளுக்கு எழுதணும்" என்றான். அன்றைக்கே என்னை எழுதச் சொல்லி மனைவிக்குக் கடிதம் போட்டான். எழுதத் தெரியாத சிப்பாய்களுக்கெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பது வழக்கம்.

மூன்றாம் மாதம் அருளப்பன் ரோட்டு வேலையில் குந்தியவன் எழுந்திருக்க முடியாமல் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஞ்சின் மேல் நிற்பதைப் போல இருக்கிறது என்றான். மலேரியாவின் அசதி என்று கொய்னா மருந்து கொடுத்து அனுப்பினேன். வேலைக்குச் சாக்குச் சொல்கிறான் என்று ஹவில்தார்கள் முணுமுணுத்தார்கள். நாலு நாள் கழித்து அவன் கொட்டகையை நோக்கி வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். பாதத்தைத் தரையில் தட்டித் தட்டி நடந்து வந்தான். அம்பாங் சீனர்கள் நடந்த அதே நடை.

அன்று சாயங்காலம் கம்பெனியை வரிசையில் நிறுத்தி, கையை ஊன்றாமல் குந்தி எழச் சொன்னேன். பாதிப் பேருக்கு மேல் தடுமாறினார்கள். சிலர் அப்படியே உட்கார்ந்துவிட்டு, ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அருளப்பனின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது, எழும்பவில்லை. நெஞ்சு ஓடிய ஓட்டம் காதை வைக்காமலே தெரிந்தது. அவனைக் கட்டிலில் படுக்க வைத்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தான்.

நேராகச் சுபேதாரிடம் போனேன். உடனே வெள்ளை அரிசியை நிறுத்த வேண்டும், புழுங்கல் வரும் வரைக்கும் பயறும் தவிடும் கொடுக்க வேண்டும் என்றேன். கப்பல் போக்குவரத்து அப்போது தட்டுக்கெட்டுக் கிடந்தது. புழுங்கல் அரிசி வர நாளாகும். கிள்ளான் பாசார்க் கடைகளில் பச்சைப்பயறு கொஞ்சம்தான் கிடைத்தது. தவிடு மட்டும் துறைமுகத்து ஆலையில் மலையாகக் கிடந்தது.

சுபேதார் என் முகத்தையே பார்த்தார். "தவிடா? டிரஸ்ஸர், எங்க ஊர்ல ஆண்டை வீட்டு மாட்டுக்குத் தவிடு போடுவாங்க. அந்த மாட்டை மேய்ச்சவனுங்கதான் இவனுங்க. இவனுங்களுக்கு இப்பத்தான் நல்ல சோறு கெடச்சிருக்கு."

"ஐயா, அந்தச் சோறுதான் வியாதி."

"யாரு சொன்னது? பெரிய டாக்டரே ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக் குடுத்த அரிசி அது. தாளைக் கேப்டன் என்கிட்டக் காட்டினாரு. அவரு வந்து வேணாம்னு சொல்லட்டும். அடுத்த நிமிசம் நிறுத்துறேன்."

தம்பிகளே, இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதை எழுதியது டாக்டர் இல்லை, நான். சொல்லியிருந்தால் அந்தத் தாளுக்கு அங்கேயே உயிர் போயிருக்கும். ஆனால் டாக்டர் பெயரில் கையெழுத்துப் போட்டவனுக்கு ஆஸ்பத்திரி வேலை நிற்குமா? எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்தில் வீடு பார்த்திருந்தேன். "சரிங்க ஐயா, டாக்டருக்குத் தந்தி கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். தந்தியும் கொடுத்தேன். மூன்று நாளில் வருகிறேன் என்று பதில் வந்தது. மூன்று நாள்தானே, அவரே வந்து சொல்லட்டும், என் பெயர் வெளியே வராமல் காரியம் முடியட்டும் என்று கணக்குப் போட்டேன்.

அதுவரைக்கும் சும்மா இருக்கவில்லை. புத்திசாலி அல்லவா? என் உதவியாள் பெரியசாமியை ஆலைக்கு அனுப்பித் தவிடு வாங்கி வரச் சொன்னேன். அதை நன்றாகச் சலித்து, பயற்றங்கஞ்சியில் கலந்து, வெல்லத்தைப் போட்டு மறைத்து, கொட்டகையில் படுத்திருந்தவர்களுக்குக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் போல நான் கஞ்சியில் தவிட்டை மறைத்தேன். அருளப்பன் இரண்டு வேளை குடித்தான். மறுநாள் காலையில் அவன் மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்திருந்தது. பிழைத்துக்கொள்வான் என்று எனக்குத் தைரியம் வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்துகொண்டிருந்தது.

பெரியசாமி காஜாங்கில் பிறந்து வளர்ந்தவன், சூதுவாது தெரியாதவன். அன்று மத்தியானம் இரண்டாவது மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் காவலைத் தாண்டி வந்திருக்கிறான். என்ன மூட்டை என்று காவல்காரன் கேட்டான். "தவுடு லா, அண்ணே. சீனன் பன்னிக்குப் போடுவான்ல, அது. டிரஸ்ஸர் ஐயா கஞ்சியில போடச் சொன்னாரு" என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

அரை மணி நேரத்தில் கொட்டகை வாசலில் பாதிக் கம்பெனி நின்றது. சுபேதார் உள்ளே வந்து கஞ்சிப் பானையைத் திறந்து, கரண்டியால் அள்ளி, விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"பெரிய டாக்டர் உத்தரவா இது?"

"மருந்துதான் ஐயா. நம்புங்க."

"மருந்துன்னா சொல்லிக் குடுக்கணும். ஒளிச்சுக் குடுக்கறதுக்குப் பேரு வேற."

அருளப்பன் கட்டிலில் உட்கார்ந்தபடி தன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அதை என் பக்கமாகத் தள்ளி வைத்தான். "நீங்க படிச்சவரு. பன்னித் தீனின்னு தெரிஞ்சுதானே ஐயா குடுத்தீங்க?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அப்படித்தானே நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தவன் போலக் கேட்டான். அவன் வாழ்க்கையில் படித்தவர்கள் அவனிடம் எப்படி நடந்துகொண்டார்களோ, அந்த வரிசையில் நானும் சேர்ந்துவிட்டேன்.

டாக்டர் வரும் வரைக்கும் ஆஸ்பத்திரிக் கஞ்சியை யாரும் தொடக் கூடாது என்று சுபேதார் உத்தரவு போட்டார். பயற்றங்கஞ்சியும் அதோடு போயிற்று. வேறு பானையில் காய்ச்சிய வெறும் பயற்றைக் கொண்டு வந்து காட்டினேன், என் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் ஆள் இல்லை. கேப்டனிடம் போகலாம் என்று இரண்டு முறை பாதி வழி நடந்தேன். அவர் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தாளைத்தான் என்று நினைத்துத் திரும்பினேன். அன்றும் மறுநாளும் நோயாளிகளுக்கு முகாம் சமையலறையிலிருந்து சாப்பாடு வந்தது. நன்றாகக் கழுவி வடித்த வெள்ளைச் சோறு, ரசம். அருளப்பனால் கையைத் தூக்க முடியவில்லை. சுபேதாரே கட்டிலில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டினார். நான் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயில் அந்த ஒரு வாக்கியம் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டரின் ரயில் வருவதற்கு முன்னால் அருளப்பன் செத்தான். உட்கார்ந்த நிலையிலேயே. கழுத்து நரம்பு புடைத்து, உதடு நீலமாகி, மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினான். என் கையிலிருந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவனைக் கடைசியில் படுக்க வைத்தது நான்தான்.

சுபேதார் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போது சொன்னேன். அந்தத் தாளில் இருப்பது டாக்டர் கையெழுத்து இல்லை, அவர் அந்த அரிசியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, நான்தான் எழுதினேன், வேலைக்குப் பயந்து மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நேத்து ராத்திரி போதும் போதும்னான். இன்னும் ஒரு வாய்னு நாந்தான் ஊட்டினேன், டிரஸ்ஸர்" என்றார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா, அந்தத் தவுட்டையும் நானே ஊட்டியிருப்பேனே" என்றார்.

பிறகு குனிந்து காலில் சுற்றியிருந்த பட்டியை அவிழ்த்தார். சிப்பாய்கள் முழங்கால் வரைக்கும் துணிப்பட்டி சுற்றுவார்களே, அது. அதன் வரிவரியான அச்சு ஆழமாகப் பதிந்து, கால் வீங்கியிருந்தது. எத்தனை நாளாக என்றேன். கம்பெனி பார்த்தால் மனசு விட்டுவிடும் என்று மறைத்து வைத்திருந்தாராம். பதவியில் இருக்கிறவர்கள் மறைக்கிற விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஜாதிதான். ஆனால் அவர் மறைத்தது அவர்களுக்காக, நான் மறைத்தது எனக்காக. அந்த வித்தியாசத்தை எந்தப் பரீட்சையிலும் உங்களைக் கேட்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அடக்கம் முடிந்ததும் கம்பெனியை வரிசையில் நிறுத்தினார். "நீங்களே சொல்லுங்க" என்று என்னை முன்னால் விட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி எப்படித் தீட்டப்படுகிறது, தீட்டும்போது எது போகிறது, சீனச் சுரங்கத்து ஆட்கள் எப்படிச் செத்தார்கள், புழுங்கல் அரிசி தின்றதால்தான் தோட்டத்து ஆட்கள் நன்றாக இருக்கிறார்கள், இதெல்லாம் தெரிந்தும் நான் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்போ வேலிக்கு அந்தாண்ட இருக்கிற கூலிச் சனந்தான் நல்ல சோறு தின்னுதுங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சுபேதார் ஒரு கிண்ணம் தவிட்டுக் கஞ்சியை வாங்கி எல்லோர் முன்னாலும் குடித்தார். தொண்டையில் ஒட்டி இருமல் வந்தது. இருமி முடித்து, மீதியையும் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "மோசமாத்தான் இருக்கு. குடிங்க" என்றார். குடித்தார்கள். இதில் வீரம் எதுவும் இல்லை. தன்னிடம் உண்மை சொல்லப்பட்டது என்று தெரிந்தால் மனிதன் பன்றித் தீனியையும் மருந்தாகக் குடிப்பான். அதற்கப்புறமும் இரண்டு பேர் போனார்கள், அவர்களுக்கு நாள் கடந்துவிட்டது. மற்றவர்கள் புழுங்கல் வந்து சேர்வதற்குள் எழுந்து நடந்தார்கள். சுபேதாரும் பிழைத்தார்.

டாக்டர் வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வைத வசவை இங்கே எழுத முடியாது. ஆனால் வேலையிலிருந்து எடுக்கவில்லை. அவ்வளவு பயந்து காப்பாற்றிய அந்த வேலை, நான் உண்மையைச் சொன்ன பிறகும் என்னிடமே இருந்தது. ஓய்வு பெறும் வரைக்கும் இருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டேன்.

கண்ணாடி போட்ட தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். தாளைப் படித்துக் காட்டினால் கேட்பார்கள். ஆனால் படிப்பதற்கு முன்னால், இப்போது தட்டில் இருக்கிற சோறு அவனுக்கு என்னவென்று கேளுங்கள். சிலருக்கு அது வெறும் சோறு. சிலருக்கு அவன் தாத்தா காலத்திலிருந்து கிடைக்காமல் போய்க் கடைசியில் கிடைத்த மரியாதை. அதை எடுக்கிறவன் காரணத்தைச் சொல்லி எடுக்க வேண்டும், தன் தப்பு அதில் இருந்தால் அதை முதலில் சொல்ல வேண்டும். நல்லதைத்தானே செய்கிறோம் என்று மறைத்துச் செய்யாதீர்கள். நான் கொடுத்தது நல்ல மருந்துதான், ஆள் செத்தான்.

அருளப்பன் மனைவிக்குக் கடிதம் எழுதும் வேலையும் என்னிடம்தான் வந்தது. சுபேதார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். வியாதியில் இறந்தார், மரியாதையாக அடக்கம் செய்தோம், மாதா கோயில் சாமியாரை வரவழைத்து ஜெபம் செய்தோம் என்று எழுதினோம். என்ன வியாதி, எப்படி வந்தது என்று எழுதலாமா என்று கேட்டேன். அவர், "அந்தம்மா அதை வெச்சிக்கிட்டு என்ன செய்யும்?" என்றார். எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஊர்க் கோயில் உபதேசியார் கையால் எழுதின பதில் வந்தது. சுபேதாருக்கு வந்த கடிதம். அவர் பிரித்து என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சர்க்காருக்கு நன்றி, ஐயாமாருக்கு நன்றி, அவருடைய துணிமணி வந்து சேர்ந்தது, பிள்ளைகள் சுகம் என்று இருந்தது. கடைசியில் அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லியிருந்தாள். அங்கே தினமும் நெல்லுச் சோறு போடுகிறார்கள் என்று வீட்டுக்காரர் எழுதியிருந்தாராம். இவளைச் சந்தோஷப்படுத்துவதற்காக அப்படி எழுதினாரோ என்று சந்தேகமாக இருக்கிறதாம். சாகிற வரைக்கும் நெசமாகவே வயிறாரச் சாப்பிட்டாரா, அது ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் மனசு ஆறும் என்று கேட்டிருந்தாள்.

சுபேதார் எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி, "நீங்களே எழுதிடுங்க" என்றார்.

எழுதினேன். ஆமாம் அம்மா, வயிறாரச் சாப்பிட்டார், வெள்ளைச் சோறு, கடைசி நாள் வரைக்கும் என்று எழுதினேன். அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் பெயரை எல்லோருக்கும் புரிகிற மாதிரி தெளிவாகப் போட்டேன்.